ஒரே மாவு, வேறு டாங்கி

ஞாயிறு இரவு அரைத்த மாவு முதல் இரண்டு நாள் இட்லி. புதன்கிழமை தோசை. வியாழன் புளிப்பேறியதும் ஊத்தப்பமோ பணியாரமோ ஆகிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனியாக யாரும் அரிசி ஊறப்போடுவதில்லை. மேசைப் போர் விளையாட்டுக்கு மாதிரி டாங்கி கட்டுகிறவர்களின் பிழைப்பும் ஏறக்குறைய இதுதான். கடையில் கிடைக்கும் கிட் ஒரு ரகம், விளையாட்டுக்கு வேண்டியது இன்னொரு ரகம். இரண்டுக்கும் இடையில் வெட்டு, ஒட்டு, கொஞ்சம் பிளாஸ்டிக் தகடு, நிறையப் பொறுமை.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆறடிக்கு நாலடிப் பலகை. அதன்மேல் குன்று, தென்னந்தோப்பு, கடற்கரை. இரு தரப்புக்கும் விரலளவுச் சிப்பாய்கள், உள்ளங்கையில் அடங்கும் டாங்கிகள். நகர்வதை அங்குல டேப் அளக்கும். குண்டு பட்டதா என்பதைப் பகடை சொல்லும். எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று இதற்கு ஒரு விதிநூலே எழுதினார். இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்த டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962இல் எழுதிய ‘வார் கேம்ஸ்’ இதைப் பல வீடுகளுக்குக் கொண்டுபோனது. இன்று ‘போல்ட் ஆக்‌ஷன்’, ‘ஃப்ளேம்ஸ் ஆஃப் வார்’ என்று விதிநூல்களும் அவற்றுக்கேற்ற பொம்மைகளும் தனிச் சந்தையாகிவிட்டன.

எந்தப் போரை ஆடுவது? நடந்த போரையும் ஆடலாம், நடக்காமல் போனதையும் ஆடலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. அதற்கு அந்தமானைவிட நல்ல களம் கிடைப்பது கஷ்டம். 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் எதிர்ப்பே இல்லாமல் போர்ட் பிளேரில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு தீவுகளை மீட்க ‘ஆபரேஷன் பக்கனீர்’ என்ற கடல்வழித் தாக்குதலுக்குத் தென்கிழக்கு ஆசியத் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் திட்டம் போட்டது. 1943 நவம்பரில் கெய்ரோ மாநாட்டில் ரூஸ்வெல்ட் சியாங் கை ஷேக்குக்கு வாக்கும் கொடுத்தார். சுமார் 5,000 ஜப்பானியரை எதிர்க்க 50,000 பேர் வேண்டும் என்று கணக்குப் போனதும் சர்ச்சிலுக்கு எரிச்சல். டிசம்பர் முதல் வாரத்தில் திட்டம் கைவிடப்பட்டது. ஐரோப்பியக் கரைகளில் இறங்கவே தரையிறங்கு கப்பல்கள் போதவில்லை என்பது முக்கியக் காரணம். விருந்துக்குச் சமையல் குறிப்பு இருந்தது, பாத்திரம் இல்லை. அதே மாதம் 30ஆம் தேதி நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றினார்.

ஆகவே 1944இல் போர்ட் பிளேரின் கார்பின்ஸ் கோவ் கரையில் இறங்கியிருக்கக்கூடிய ஒரு டாங்கி நமக்கு வேண்டும். அப்படி ஒன்று இறங்கவே இல்லை என்பதால் அதற்கென்று கிட்டும் கிடையாது. அந்த ஆண்டு இந்திய-பர்மா முனையில் ஓடிக்கொண்டிருந்த அமெரிக்க எம்-3 லீயை எடுத்துக்கொள்வோம். 1944 பிப்ரவரியில் பர்மாவின் அராகானில் ‘அட்மின் பாக்ஸ்’ முற்றுகையில் 25ஆம் டிராகூன்ஸ் படைப்பிரிவு ஓட்டியதும், ஏப்ரல் 13 அன்று இம்பால் அருகே நுன்ஷிகும் குன்றின்மேல் மூன்றாம் கராபினியர்ஸ் படைப்பிரிவு ஏற்றியதும் இதைத்தான். பார்க்க அழகில்லாத வண்டி. பெரிய 75 மி.மீ. பீரங்கி உடலின் வலது பக்கத்தில் புடைத்திருக்கும். மேலே சின்னச் சுழல்கோபுரத்தில் 37 மி.மீ. பீரங்கி, அதற்கும் மேலே இயந்திரத் துப்பாக்கியுடன் ஒரு குட்டிக் கோபுரம். மொத்த உயரம் மூன்று மீட்டரைத் தாண்டும். எனக்கு இதன்மேல் ஒரு தனிப் பாசம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

சமையலுக்கு முன் பாத்திரத்தின் அளவு. லீயின் நீளம் 5.64 மீட்டர். 1/35 அளவில் அது 161 மி.மீ.; 1/56இல் 101; 1/72இல் 78; 1/100இல் 56. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் சுவாரஸ்யமான பதில்கள் கிடைக்கும். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் மோட்டார் வைத்து ஓடும் பாந்தர் டாங்கியைச் செய்தபோது, உள்ளே பேட்டரியும் பல்சக்கரப் பெட்டியும் அடங்கும்படி உடலை அமைத்தது. அப்படி வந்த விகிதம்தான் 1/35. பேட்டரிக்காகப் பிறந்த அளவு இன்று அலமாரி மாதிரிகளின் உலக அளவாகிவிட்டது. மேசை விளையாட்டில் 28 மி.மீ. உயரச் சிப்பாய்க்குப் பக்கத்தில் நிற்க 1/56 பொருந்தும், 15 மி.மீ. சிப்பாய்க்கு 1/100. பத்துப் பன்னிரண்டு டாங்கிகளோடு பெரிய சண்டை ஆட வேண்டுமானால் 1/100க்குப் போங்கள். ஒரு படகு, இரண்டு டாங்கி, முப்பது சிப்பாய் என்று ஒரு கடற்கரைத் துண்டை மட்டும் ஆட 1/56 போதும். நம் தட்டில் வைக்கப்போவது அதைத்தான்.

கிட் பெட்டியைத் திறந்தால் பாகங்கள் ஸ்ப்ரூ என்ற பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பக்கவாட்டு வெட்டியால் நறுக்கி, பிளேடால் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சட்டத்தைக் குப்பையில் போடாதீர்கள். கிட்டின் பிளாஸ்டிக்கும் அதுவும் ஒரே பாலிஸ்டைரீன். பிறகு வேலைக்கு ஆகும்.

ஒட்டுவதில் இரண்டு வகை உண்டு. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கொழுக்கட்டையை மூடும்போது விளிம்பை ஈரவிரலால் தடவி அழுத்துகிறோம். இடையில் பசை எதுவும் இல்லை. மாவே மாவோடு இளகிச் சேர்ந்துகொள்கிறது, வெந்தபின் தையல் தெரியாது. பிளாஸ்டிக் சிமென்ட் செய்வதும் அதுதான். அதிலிருக்கும் அசிட்டோன், பியூட்டைல் அசிடேட் போன்ற கரைப்பான்கள் இரண்டு விளிம்பையும் இளக்கிவிட்டு ஆவியாகிப் போகின்றன; மிஞ்சுவது ஒரே துண்டான பிளாஸ்டிக். நீர்த்த சிமென்டைத் தூரிகை நுனியால் இடுக்கில் தொட்டால் போதும், தானாக உள்ளே ஓடிவிடும். பொரி உருண்டை வேறு கதை. அங்கே பாகு நடுவில் நின்று பிடித்துக்கொள்கிறது, பொரி இளகுவதில்லை. சூப்பர் குளூ அந்தப் பாகு. ரெசின் பாகமோ உலோகப் பாகமோ வந்தால் சிமென்ட் அதைத் தொடவே தொடாது, குளூதான் கதி. ஆனால் பாகு கட்டிய உருண்டை தரையில் விழுந்தால் உதிர்வதுபோல் அந்த ஒட்டும் விழுந்தால் விடும். கையால் எடுத்து எடுத்து வைக்கும் விளையாட்டுப் பொருளில் இது சின்ன விஷயமில்லை. பீரங்கிக் குழாய் போன்ற நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்துக்கு உள்ளே பித்தளைக் கம்பி கொடுத்து ஒட்டுவது அதனால்தான்.

அந்தமான் தீவில் இந்தப் பாகுக்கு ஒரு குணம் உண்டு. சூப்பர் குளூ காய்வது உலர்ந்து அல்ல, காற்றின் ஈரத்தைக் குடித்து. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை வாங்கும் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஈரத்துக்கு என்ன பஞ்சம்? குளூ சட்டென்று பிடிக்கும். கூடவே சுற்றிலும் வெள்ளையாகப் பூத்தும்விடும். குறைவாகத் தொட்டு, விசிறிக் காற்றில் வைப்பது நல்லது.

இனி மாற்றிக் கட்டுவது. இங்கே ஒரு கேள்வி எல்லாவற்றையும் தீர்மானிக்கும்: மூன்றடி தூரத்திலிருந்து என்ன தெரியும்? அலமாரி மாதிரி செய்கிறவர் ஒவ்வொரு ஆணியையும் எண்ணுவார், அது அவர் சந்தோஷம். மேசைக்குச் செய்கிறவர் பந்தியில் உட்காருகிறவருக்குப் பரிமாறுகிறார். டாங்கியின் உருவக்கோடு மாறினால் கண்ணில் படும். உள்ளே இருக்கும் இருக்கை மாறினால் படாது. லீயில் உருவக்கோட்டை மாற்றும் விஷயங்கள் இரண்டுதான்.

ஒன்று அந்தக் குட்டிக் கோபுரம். பர்மா முனையில் பல லீக்களில் உயரத்தைக் குறைக்க அதைக் கழற்றிவிட்டுத் தட்டையான மூடியைப் பொருத்தினார்கள். இதைச் செய்தாலே பெட்டியில் வந்த அமெரிக்க டாங்கி பர்மா டாங்கியாகிவிடும். செலவும் இல்லை. மெல்லிய ரம்பத்தால் அறுத்து, தட்டையாகத் தேய்த்து, 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் வட்டம் வெட்டி ஒட்டி, அதன் மேல் இரண்டு அரைவட்ட மூடிகள். தேய்க்கும்போது பக்கத்திலிருந்த ஆணித் தலைகள் காணாமல் போகும். லீயின் உடல் பெரும்பாலும் தறையாணி அடித்தது, ஆணி இல்லாத லீ உப்பில்லாத சோறு. பழைய கிட் ஒன்றிலிருந்து ஆணித் தலைகளைப் பிளேடால் சீவியெடுத்து, சிமென்ட் தொட்ட தூரிகை நுனியால் எடுத்து வையுங்கள். கடுகைவிடச் சிறிது, தும்மல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இரண்டாவதுதான் இந்தப் பதார்த்தத்தின் உயிர்: நீரில் இறங்கும் ஏற்பாடு. கப்பலின் சரிவுப்பலகை கரையைத் தொடுமுன் நின்றுவிடலாம். டாங்கி நெஞ்சளவு நீரில் நடந்துதான் வர வேண்டும். லீயில் இருந்தது காற்றால் குளிரும் ஒன்பது சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அது ஓடவும் குளிரவும் ஏராளமான காற்று பின்மேடை வழியாகப் போய்வர வேண்டும். அந்த வழியில் கடல்நீர் புகுந்தால் எஞ்சின் அடங்கிவிடும். அதனால் காற்று போகும் வழிக்கும் புகை வரும் வழிக்கும் மேலே தகரக் கூண்டுகளை உயரமாக எழுப்பினார்கள். மற்ற இடுக்குகளைப் பிசின் போட்டு அடைத்தார்கள். முதலில் வந்த லீக்களின் பக்கவாட்டில் ஆள் நுழையும் கதவு வேறு இருக்கும். நீரில் இறங்குவதற்கு அதைவிட மோசமான வாசல் இல்லை. உங்கள் கிட்டில் அந்தக் கதவு இருந்தால் விளிம்பைச் சுற்றிப் பிசின் அடைத்ததுபோல் கோடு போட மறக்காதீர்கள். இது கற்பனைச் சமையல் அல்ல: 1945 ஜனவரியில் அராகான் கரையில் மையபோன், கங்காவ் பக்கம் 19ஆம் லான்சர்ஸ் படைப்பிரிவின் ஷெர்மன் டாங்கிகள் உண்மையாகவே கடல்வழி இறக்கப்பட்டன. அந்தமானில் ஓராண்டு முன்பு நடந்திருக்கக்கூடியதை அதிலிருந்து ஊகிக்கலாம்.

கூண்டு செய்வது எளிது. 1 மி.மீ. தகட்டில் நான்கு பக்கம் வெட்டிப் பெட்டியாக ஒட்டி, மேல்பகுதி பின்னோக்கிச் சாயும்படி அறுத்துக்கொள்ளுங்கள். உயரம் சுழல்கோபுரத்தின் உச்சிக்குக் கிட்டத்தட்ட வந்தால் போதும். மூலையில் இடைவெளி தெரிந்தால், எடுத்துவைத்த ஸ்ப்ரூ சட்டத்தைப் பொடியாக நறுக்கி ஒரு கண்ணாடிக் குப்பியில் சிமென்ட் ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் தோசைமாவுப் பதத்தில் பிளாஸ்டிக் கூழ் தயார். இடுக்கில் வழித்து, நன்றாகக் காய்ந்தபின் தேய்த்தால் அது உடலோடு உடலாகிவிடும். மூடிய அறையில் இதைச் செய்யாதீர்கள், ஆவி தலைக்கேறும். அதே சட்டத்தை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகும்போது இரு பக்கமும் இழுத்தால் பாகு கம்பிப் பதத்தில் நீளுவதுபோல் மெல்லிய இழையாக வரும். அலமாரி மாதிரிக்காரர்கள் வானொலிக் கம்பிக்கு இதைத்தான் வைப்பார்கள். மேசையில் இது ஒரு நாள்கூடத் தாங்காது. துணி துவைக்கும் பிரஷ்ஷின் நைலான் இழை வளைந்து நிமிரும். ஜங்லிகாட் மீன் துறைப் பக்கம் விற்கும் தூண்டில் நரம்பில் தடிமனானதும் நன்றாகவே நிற்கும்.

உடலில் தொங்கும் சில்லறைச் சாமான்கள்—வாளி, சங்கிலி, சுருட்டிய தார்ப்பாய், உதிரிச் சங்கிலிப் பட்டைக் கண்ணிகள்—எல்லாம் அஞ்சறைப் பெட்டியிலிருந்து. ஒவ்வொரு கிட்டிலும் நாலைந்து பாகம் மிஞ்சும். அதைச் சேர்த்துவைக்கும் பெட்டி இல்லாத மாதிரிக்காரர் கிடையாது. தார்ப்பாய் மட்டும் கையால் செய்யலாம். இரண்டு நிறக் களிம்பை ஒன்றாகப் பிசைந்தால் சில மணி நேரத்தில் கல்லாகும் எபாக்சி மாவு கிடைக்கிறது. பூரிபோல் மெல்லியதாக இட்டு, சுருட்டி, ஈரப் பல்குச்சியால் மடிப்புக் கீறினால் துணியேதான். அடியில் ஒட்டாமலிருக்கத் தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள். கோதுமை மாவு தூவினால் குழைந்துவிடும்.

வண்ணத்துக்கு வருவோம். புதுத் தோசைக்கல்லில் எண்ணெய் தேய்த்துப் பழக்காமல் மாவு ஊற்றினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். வெறும் பிளாஸ்டிக்கில் நேரடியாக வண்ணம் பூசினால் அதுவேதான், விரல் பட்ட இடமெல்லாம் உரியும். முதலில் பிரைமர். உலகம் முழுக்க ஸ்ப்ரே டின்னில் அடிப்பார்கள். தீவுக்கு அந்த டின் விமானத் தபாலில் வராது, அழுத்தத்தில் அடைத்த, தீப்பற்றும் பொருள் என்பதால். சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல் கப்பலில் வரவேண்டும். வந்தாலும் மழை மாதத்தில் அடித்தால் வெளுத்துப் பூக்கும். தூரிகையால் பூசும் நீர்சார்ந்த பிரைமரே இங்கே உத்தமம்.

மேலே கரும்பச்சை. சிறு பொருளில் நிறம் நிஜத்தைவிட இருண்டு தெரியும் என்பதால் ஒரு சொட்டு வெளிர்மஞ்சள் கலந்துகொள்ளலாம். அது காய்ந்தபின் ‘வாஷ்’: ரவா தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்த அடர்பழுப்பு. மேலே ஊற்றினால் மேட்டில் நிற்காது. ஆணியைச் சுற்றியும் தகட்டு இடுக்கிலும் போய்ச் சேர்ந்து அங்கே காயும். இடுக்கு இருண்டதும் உருவம் தானாக எழுந்து நிற்கும். அதற்கு நேரெதிர் உலர்தூரிகை. வெளிர்நிறத்தில் தோய்த்த தூரிகையைத் துணியில் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்துவிட்டு, பாதி வெங்காயத்தால் கல்லில் எண்ணெய் தேய்ப்பதுபோல் லேசாக இழுத்தால் மேடுகளில் மட்டும் ஒட்டும். இந்த இரண்டும் தெரிந்தால் மேசைக்குத் தேவையான தொண்ணூறு சதவீதம் தெரிந்த மாதிரி. மற்ற பத்து வேண்டுமானால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிள்ளி, அடர்பழுப்பில் ஒற்றி, விளிம்புகளில் தட்டுங்கள். பெயின்ட் உதிர்ந்த இரும்பு வந்துவிடும். பெரிய வெள்ளை நட்சத்திரம் பக்கவாட்டில். கடலிலிருந்து ஏறிய வண்டி என்பதால் சக்கரத்துக்குச் சற்று மேலே சாம்பல் கலந்த வெண்கோடு ஒன்று, உப்பு காய்ந்ததுபோல. இந்தக் கோட்டை நான் விடமாட்டேன். பார்க்கிறவர் முதலில் கேட்பது இதைப் பற்றித்தான்.

கல்லுப்பைத் தூவி, மேலே வண்ணம் பூசி, பிறகு உப்பை உதிர்த்துத் துருவை வெளிக்காட்டும் ஒரு பிரபலமான உத்தி உண்டு. தீவின் மழை மாதங்களில் அதை முயல வேண்டாம், வண்ணம் காய்வதற்குள் உப்பு கசிந்துவிடும். கடற்கரைத் தரைக்கு ரவை ஒட்டுகிறவர்கள் உண்டு. இரண்டு வாரத்தில் எறும்பு வரும். காய்ந்த டீத்தூள் காட்டுத் தரைக்குப் பிரமாதமாக இருக்கும், ஆனால் வாணலியில் ஈரம் போக வறுத்து, ஃபெவிகாலில் மூழ்கடித்தால்தான் பூஞ்சை பிடிக்காது. பவளத் துண்டு பொறுக்கி வைக்கலாமே என்று யாருக்காவது தோன்றினால்: பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. கட்டுமான மணலைக் காபி வடிகட்டியில் சலித்தால் போதும்.

எதிர்த்தரப்புக்கு என்ன வைப்பது? ஜப்பானிய ஹா-கோ டாங்கியின் கிட் எளிதில் கிடைக்கும். 7.4 டன், அதிகபட்சம் 12 மி.மீ. கவசம், 37 மி.மீ. பீரங்கி. லீயின் 51 மி.மீ. முன்கவசத்துக்கு எதிரே அது நேருக்கு நேர் நிற்க முடியாது, ஆட்டமும் சப்பென்று முடியும். நான் காங்கிரீட் பதுங்குகுழியைத்தான் வைப்பேன். கார்பின்ஸ் கோவில் கடற்கரைச் சாலையோரம் இன்றும் நிற்பவற்றைப் பார்த்தே அளவு எடுக்கலாம். கெட்டி அட்டையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் போதும். ஒன்று மட்டும் மேசையில் வேண்டாம் என்பது என் பிடிவாதம். 1944 ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்சில் ஜப்பானியர் 44 பேரை நிறுத்திச் சுட்டார்கள். ஆக்கிரமிப்பின் மூன்றரை ஆண்டுகளில் தீவு மக்கள் பட்டது பகடைக்குரிய விஷயம் இல்லை. கரையில் படைக்கும் படைக்கும் நடந்திருக்கக்கூடியதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடைசியாகக் காந்தம். சுழல்கோபுரத்தை ஒட்டாமல், 3 மி.மீ. வட்டக் காந்தம் ஒன்றை அதிலும் ஒன்றை உடலிலும் பதித்தால் திரும்பவும் செய்யும், பெட்டியில் போகும்போது கழன்றும் வரும். துருவங்களை ஒட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கூண்டுகளுக்கும் இதே காந்தம்தான், ஏனென்றால் கரையேறியதும் நிஜத்தில் அவற்றைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். விதியை நீங்களே எழுதிக்கொள்ளலாம். நீரில் இருக்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு பகடை, 1 விழுந்தால் எஞ்சின் அடங்கும். கரையேறியபின் ஒரு முறை நகராமல் நின்றால்தான் கூண்டு கழலும். கழற்றாதவரை பின்பக்கம் மறைந்திருப்பதால் 37 மி.மீ. பீரங்கி பின்னோக்கிச் சுட முடியாது. 75 மி.மீ. எப்போதும் முன்னோக்கி மட்டும். பக்கத்தில் இருப்பதைச் சுட வண்டியையே திருப்ப வேண்டும், அதற்கும் ஒரு நகர்வு போகும். பதுங்குகுழிக்காரருக்கு இது தெரிந்திருந்தால் முதல் இரண்டு முறையும் பக்கவாட்டிலிருந்துதான் வருவார்.